எருமை பொரி கொண்டு வரும் காட்சி

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்குக் காத்து ஆகாது. இந்தப் பையை மடியிலேயே வெச்சுக்கறேன். உள்ளே பேப்பர்தான், மடங்கக் கூடாது.

பொள்ளாச்சிதானா? நானும் பொள்ளாச்சிதான். திண்டுக்கல்லுல ஏறினேன். ஒட்டன்சத்திரம் வரைக்கும் பாட்டாப் போட்டுட்டு வந்தான், பொறுத்துக்கிட்டேன். இப்பப் பாருங்க, படத்தைப் போட்டுட்டான். அதுவும் எந்தப் படத்தை. ஊர்ல உலகத்துல வேற படமே இல்லாத மாதிரி.

நீங்க பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல. பஸ்ஸுல ஏறினவங்க படம் பார்க்கத்தான் செய்வாங்க. நான் திண்டுக்கல்லுல ஒரு திரைப்படக் கழகத்துக்கு இருபத்தஞ்சு வருஷமாச் செயலாளர். மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு சங்கக் கட்டடத்து மாடியில திரை கட்டி, நல்ல படமாப் பார்த்துப் போடுவோம். வெளிநாட்டுப் படம். போன தடவை ஒரு படம் போட்டோம், ஒருத்தன் ரெண்டேகால் மணி நேரம் ஒரு கதவையே பார்த்துட்டு நிக்கறான். கடைசியிலயும் திறக்கல. பதினெட்டுப் பேர் வந்திருந்தாங்க. ஆறு பேர் தூங்கிட்டாங்க. அதுக்கு நாம என்ன பண்ண முடியும். ரசனை ஊட்டி விடற சமாச்சாரமா சார்?

அதனால இந்த மாதிரிப் படத்தைப் பத்தி என்கிட்ட அபிப்பிராயம் கேக்காதீங்க. சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு.

இப்பப் பாருங்க, அந்தக் கல்குவாரி ஓனர் வருவான். தங்கப் பல்லு. சுழல்நாற்காலியில உக்காந்து அப்படியே திரும்புவான். ஆத்து மணல்ல சுழல்நாற்காலி எப்படிச் சார் சுத்தும்? வந்துட்டானா. சுத்தறானா. சரி.

கதை தெரியாதா உங்களுக்கு? அட, பாக்கியவான் சார் நீங்க. கதைன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல. ராசப்பன்னு ஒரு வண்டிக்காரன், அவனுக்கு ஒரே தங்கச்சி செவ்வந்தி. அப்பா அம்மா கிடையாது. இந்தத் தங்கப் பல்லுக்காரன் ராசப்பனைக் கொன்னுடுவான். இன்னும் பத்து நிமிஷத்துல செத்துருவான் பாருங்க. செத்த அதே நேரத்துல பக்கத்துக் கொட்டாயில ஒரு எருமை கன்னு போடும். ராசப்பன் அந்தக் கன்னுக்குட்டியாப் பொறந்துடுவான். அப்புறம் அந்த எருமை வளர்ந்து தங்கச்சியைக் காப்பாத்தும். எருமை ஜீப்பை முட்டும், எருமை போன் எடுத்துப் பேசும், அதாவது கனைக்கும். எருமை சண்டை போடற காட்சியில நல்லாக் குனிஞ்சு பார்த்தீங்கன்னா, வயித்துக்குக் கீழே ரெண்டு மனுசக் கால் தெரியும். ரப்பர் செருப்பு. நீல வார். படத்துல மூணு எருமையை வெச்சு எடுத்திருக்கான். ஒண்ணுக்குக் கொம்பு வளைஞ்சிருக்கும், ஒண்ணுக்கு நேரா இருக்கும். இது அத்தனையும் ஒருத்தன் காசு போட்டு எடுத்து, ஊரு பூரா நூறு நாள் ஓடியிருக்கு. அது ஆச்சு இருபத்திரண்டு வருஷம். இன்னிக்கும் எந்த டி.வி.யில போட்டாலும் வீட்டுக்கு வீடு உக்காந்து பார்க்கறாங்க.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும்னு கேக்கறீங்களா. தெரியாம என்ன சார். வீட்டுல ஒருத்தி பார்த்தா காதுல விழத்தானே செய்யும்.

என் சம்சாரம். இந்திராணி. அவளைப் பார்க்கத்தான் போயிட்டிருக்கேன். நாலு மாசமாப் பொள்ளாச்சியில மக வீட்டுல இருக்கா. மக தேன்மொழிக்கு ஒடம்பு சரியில்லையான்னா, நல்லா இருக்கா. பேரப்பிள்ளைக்குப் பரீட்சையான்னா, அதுவும் முடிஞ்சு போச்சு. ஆனா இவ வரல. நானே பொங்கி, நானே திங்கறேன். ரசம் மட்டும் வர மாட்டேங்குது. மத்தபடி ஒண்ணும் குறையில்ல.

நேத்து மக போன் பண்ணினா. "அப்பா, ரேஷன் கார்டுல இருந்து அம்மா பேரை எடுத்து எங்க கார்டுல சேர்க்கணும். உங்க நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க"ன்னா. சும்மா, பால் வாங்கிட்டு வாங்கன்னு சொல்ற மாதிரி. ஓ.டி.பி. வந்துச்சு சார். ஆறு நம்பர். என் கையிலதான் இருக்கு போன். நான் முப்பத்தொரு வருஷம் பத்திரப் பதிவு ஆபீசுல வேலை பார்த்தவன். ஒரு பேரை ஒரு இடத்துல இருந்து எடுத்து இன்னொரு இடத்துல ஏத்தினா அதுக்கு என்ன அர்த்தம்னு யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். "டவர் சரியில்லம்மா, விட்டு விட்டுக் கேக்குது"ன்னு சொல்லிட்டு வெச்சிட்டேன். இன்னிக்குக் காலையில குளிச்சேன், பையை எடுத்தேன், பஸ் ஏறிட்டேன். வர்றேன்னு யார்கிட்டயும் சொல்லல.

சண்டையா? சண்டையே கிடையாது சார். முப்பத்தாறு வருஷத்துல நாங்க சண்டை போட்டதே இல்ல. அவ பேசவே மாட்டா, அப்புறம் எங்க சண்டை.

ஒரு தகவல் பிழை. அவ்வளவுதான் நடந்தது.

பாருங்க, ராசப்பன் சாகறான். எவ்வளவு நேரம் சாகறான் பாருங்க. மூணு தடவை கண்ணை மூடித் திறப்பான். "செவ்வந்தி, உன் கல்யாணத்துல உன் கையில பொரி போட நான் வருவேன்." இதைச் சொல்லிட்டுத்தான் போவான். சொல்லிட்டானா? ம்.

நம்ம பக்கம் கல்யாணத்துல அது ஒரு முறை இல்லையா. பொண்ணு கையில அண்ணன்காரன் பொரியை அள்ளிப் போடணும், அவ அதை அக்கினியில போடணும். அண்ணன் இல்லாத பொண்ணுக்குச் சித்தப்பா மகன், பெரியப்பா மகன்னு யாரையாவது நிப்பாட்டுவாங்க. செவ்வந்தி கல்யாணத்துல அந்த நேரம் வரும். "பொரி போட யாரப்பா இருக்கா?"ன்னு கேப்பாங்க. மண்டபமே அமைதியாயிரும். அப்ப வாசல்ல எருமை வந்து நிக்கும். கொம்புல ஒரு மஞ்சப்பை தொங்கும். பை நிறையப் பொரி.

சிரிக்கறீங்களா? சிரிங்க. சிரிக்க வேண்டிய காட்சிதான் அது. இந்திராணியும் சிரிப்பா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பா. படம் ஆரம்பிச்சதுல இருந்து முடியற வரைக்கும் சிரிப்புதான். அவளுக்கு அந்தப் படம் அவ்வளவு பிடிக்கும். வேலையெல்லாம் முடிச்சிட்டு, காலை நீட்டி உக்காந்து, ஒரு கிண்ணத்துல முறுக்கை உடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்ப்பா. வேற நேரத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல.

சரி, நடந்ததைச் சொல்றேன். கழகத்துக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. வெள்ளிவிழா மலர் போட்டோம். எங்க தலைவர் ரத்தினவேல், காலேஜ் புரொபசரா இருந்தவர், "செயலாளர் கட்டுரை இல்லாம மலரா? ரசனை எப்படிக் கெட்டுப் போச்சுன்னு எழுதும்"னார். எழுதினேன். நல்லா வந்திருந்துச்சு, நானே சொல்லக் கூடாது. ஆனா ஒரு உதாரணம் வேணும்ல. சும்மா ரசனை ரசனைன்னா யாருக்குப் புரியும். அதனால இந்த எருமைப் படத்தை எழுதினேன். எழுதிட்டு, பதினேழாம் பக்கம் மூணாவது பத்தியில இப்படி எழுதினேன். மனப்பாடமாவே இருக்கு. "எருமை பொரி கொண்டு வரும் காட்சியில் ஒரு அம்மையார் விம்மி விம்மி அழுததை இக்கட்டுரையாளர் தம் கண்ணாலேயே கண்டார். அந்தக் கண்ணீரைக் கண்டு எருமையே வெட்கப்பட்டிருக்கும்."

பேர் எழுதல சார். ஒரு அம்மையார்னுதான் எழுதினேன். ஒரு அம்மையார்னா ஊர்ல எத்தனையோ அம்மையார் இருக்காங்க.

விழாவுல அதை வாசிக்கச் சொன்னாங்க. வாசிச்சேன். அன்னிக்கு அறுபது பேர் இருந்தாங்க. எருமை வெட்கப்பட்டிருக்கும்ங்கற இடத்துல கூட்டமே சிரிச்சிருச்சு. புரொபசர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கறார். அப்புறம் ஒவ்வொருத்தரா மெதுவாப் பின்னாடி திரும்பிப் பார்த்தாங்க. பின்னாடி இந்திராணி சுண்டல் தூக்கை வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தா.

இருபத்தஞ்சு வருஷமா எங்க கழகத்துக்குச் சுண்டல் அவதான் பண்ணிக் கொண்டு வருவா. அவளுக்கு அதுல ஒரு சந்தோஷம். நான் கேட்டதில்ல, அப்படித்தான் இருக்கும். சுண்டலைக் கொண்டு வந்து வெச்சிட்டு, கடைசி வரிசையில உக்காருவா, படம் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல தூங்கிருவா. காலையில இருந்து அடுப்படியில நிக்கற ஆளுக்கு உக்காந்ததும் எப்படித்தான் தூக்கம் வருதோ. நான் பலதடவை வருத்தப்பட்டிருக்கேன், ரசனையே இல்லையேன்னு.

புரொபசர் எந்திரிச்சு, "அம்மா, எருமைக்கும் ஒரு பொட்டலம் சுண்டல் தனியா எடுத்து வெச்சிருங்க"ன்னார். அவரு தமாஷான ஆளு. மறுபடி சிரிப்பு. இவளும் சிரிச்சா சார். நான் பார்த்தேன். சிரிச்சிக்கிட்டேதான் வரிசையா எல்லாருக்கும் சுண்டல் குடுத்தா. எனக்கும் குடுத்தா. தேங்காய்ச் சில்லு ரெண்டு கூடுதலாவே இருந்துச்சு. அப்ப எனக்குத் தப்பு ஒண்ணும் தோணல. யாருக்குத் தோணும், சொல்லுங்க.

பழனி வந்திருச்சு. பத்து நிமிஷம் நிக்கும். நான் இறங்கல. நீங்க வேணா டீ சாப்பிட்டு வாங்க, எடத்தைப் பார்த்துக்கறேன். படத்தை நிறுத்த மாட்டான்ல? கண்டக்டர், படத்தை நிறுத்திறாதீங்க. சாருக்காகச் சொல்றேன்.

வந்துட்டீங்களா. ஒண்ணும் விட்டுப் போயிரல. எருமை வளர்ந்திருச்சு, ஒரு பாட்டு முடிஞ்சுச்சு. இப்ப ஜீப்பை முட்டப் போகுது.

எங்க விட்டேன்? சுண்டல். அதுக்கப்புறம் பதினோரு நாள் அவ பாட்டுக்கு இருந்தா. காப்பி குடுத்தா, துணி மடிச்சா. பன்னிரண்டாம் நாள் ஞாயித்துக்கிழமை. மத்தியானம் டி.வி.யில இந்தப் படம். போட்டா. கால் நீட்டி உக்காந்தா. ஆனா அன்னிக்கு முறுக்கு எடுத்துக்கல, சிரிக்கவும் இல்ல. சண்டை வந்துச்சு, ரப்பர் செருப்பு வந்துச்சு, சிரிக்கல. கல்யாண மண்டபம் வந்துச்சு. "பொரி போட யாரப்பா இருக்கா?"ன்னு கேட்டாங்க. அந்த எடத்துல ரிமோட்டை எடுத்து நிறுத்திட்டா. டி.வி. கறுப்பாயிருச்சு.

நான் சமையல்கட்டு வாசல்ல நின்னுட்டிருந்தேன். பேப்பர் படிச்சிட்டிருந்தேன், சும்மா. எனக்கென்ன, அவ நிறுத்தினா நிறுத்திக்கட்டும். ஆனா ஒரு படத்தை அந்த எடத்துல நிறுத்துவாங்களா சார்? வேற எந்த எடத்துல வேணா நிறுத்து. தங்கப் பல்லுக்காரன் பேசும்போது நிறுத்து, யார் கேக்கப் போறா.

நிறுத்திட்டு, என் பக்கம் திரும்பாமலேயே கேட்டா. "நான் எப்போங்க அழுதேன்?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விதான். நான், "அது கட்டுரை, இந்திராணி. கட்டுரைக்காக எழுதறதுதான்"னேன். மறுநாள் காலையில சேலையெல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறிட்டா.

அன்னையில இருந்து யோசிக்கறேன். அவ கேட்டதும் நியாயம்தான். அவ அழலை. அது தகவல் பிழை. எங்க ஆபீசுல இது சகஜம் சார். பத்திரத்துல கிழக்கு எல்லை தப்பா விழுந்திரும், அப்பா பேர் மாறிப் போயிரும். அதுக்காகப் பத்திரத்தையா கிழிக்கறோம்? பிழைதிருத்தல் பத்திரம்னு ஒண்ணு எழுதிப் பதிவு பண்ணினா முடிஞ்சுது. நான் ஆயிரக்கணக்குல பண்ணிக் குடுத்திருக்கேன். எல்லையில வெட்டுக்குத்து வரைக்கும் போன பங்காளிகள்கூட, திருத்தல் பத்திரம் ஆனதும் ஒண்ணா டீ குடிக்கப் போயிருக்காங்க.

அதே மாதிரி செஞ்சேன். கழகத்துச் சுற்றறிக்கையில போட்டேன். இருங்க, காட்டறேன். இதுக்குத்தான் பையை மடியில வெச்சிருக்கேன். "பிழைதிருத்தம். வெள்ளிவிழா மலர், பக்கம் 17, மூன்றாம் பத்தியில் ‘ஒரு அம்மையார்’ என்று வந்துள்ளதை ‘ஒரு பார்வையாளர்’ என்று திருத்தி வாசிக்கவும். இங்ஙனம், செயலாளர்." கட்டம் கட்டிப் போட்டிருக்கேன் பாருங்க. புரொபசர், "இதெல்லாம் எதுக்குய்யா, யார் கவனிக்கப் போறா?"ன்னார். தகவல் தகவல்தான் சார்னேன்.

ஒரு காப்பி பொள்ளாச்சிக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். ஒப்புதல் அட்டை திரும்பி வந்துச்சு, அவ கையெழுத்தோட. "அ. இந்திராணி." அதுக்குப் பதில் கிடையாது. ஒரு போன் கிடையாது. அப்புறம்தான் இந்த ஓ.டி.பி. இதுக்கு மேல நான் என்ன பண்ணணும்ங்கறீங்க? அம்மையாரையே எடுத்தாச்சே.

சரியாத்தான் கேக்கறீங்க. அவ அழலைன்னா வேற யார் அழுதாங்கன்னு. அதை விடுங்க.

உடுமலை வரட்டும்.

இப்ப இந்த எடத்துல ஒரு காமெடி வரும், கேவலமா இருக்கும். எருமை முகத்துல கண்ணாடி மாட்டி விட்டிருப்பான். பாருங்க. இதுக்கு இந்திராணி தரையில உருண்டு சிரிப்பா.

சரி, சொல்லிடறேன். உங்களை நான் மறுபடி பார்க்கப் போறதில்ல. எங்க கழகத்துல உறுப்பினரும் இல்ல நீங்க.

நான்தான் சார்.

காரணமெல்லாம் கேக்காதீங்க. எனக்குத் தங்கச்சியும் கிடையாது, கூடப் பொறந்தவங்களே கிடையாது. எருமையும் வளர்த்ததில்ல. படம் குப்பைன்னு எனக்குத் தெரியும். செருப்பு தெரியுது, கொம்பு மாறுது, எல்லாம் தெரியும். ஆனா அந்த மண்டபம் அமைதியாகி, எல்லாரும் திரும்பி வாசலைப் பார்க்கும்போது, கறுப்பா, சேறும் சகதியுமா அது வந்து நிக்கும் பாருங்க. வர வேண்டிய எடத்துக்கு வந்துட்டேன்ங்கற மாதிரி நிக்கும். அவ்வளவு பெரிய உருவத்தை வெச்சுக்கிட்டு, ஜமுக்காளத்தை மிதிச்சிரக் கூடாதுன்னு காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். எனக்கு அங்க கண்ணுல தண்ணி கொட்டிரும். நிறுத்த முடியாது. இருபத்திரண்டு வருஷமா, ஒரு தடவைகூட நிறுத்த முடிஞ்சதில்ல. என் அப்பா செத்தப்பகூட நான் அப்படி அழலை சார். வெட்கமா இருக்கு.

நாலு பேர் மதிக்கற எடத்துல இருக்கறவன். இதை வெளியில சொல்ல முடியுமா? கட்டுரை எழுதும்போது அந்தக் காட்சியை நினைச்சேன், கை பாட்டுக்கு எழுதிருச்சு. அழுததுன்னு எழுதியாச்சு. யாருன்னு எழுதணும்ல. அம்மையார்னு வந்திருச்சு.

இதுல நல்லவேளை, அவளுக்குத் தெரியாது. அதுல நான் ரொம்ப ஜாக்கிரதை. நான் ஹால்ல உக்காரவே மாட்டேன். சமையல்கட்டு வாசல்ல பேப்பரை விரிச்சு மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அவளுக்குப் பின்பக்கம். அவ எதிர்ல பீரோதான் இருக்கு, கண்ணாடி வெச்ச பீரோ. முன்னாடி அது ரூமுக்குள்ள இருந்துச்சு, ஹால்ல போடணும்னு அவதான் சொன்னா, நானும் மகளும் தள்ளி வெச்சோம். அங்க இருந்து அவ டி.வி.யைத்தானே பார்ப்பா. நான் உள்ளே வேலையா இருந்தாக்கூட அந்தக் காட்சி வர்ற நேரத்துல, "எருமை வந்தாச்சு"ன்னு சத்தமாச் சொல்லுவா. யார்கிட்ட சொல்றேன்னா, "டி.வி.கிட்ட"ம்பா. அவ சுபாவம் அப்படி. முடிஞ்சதும் நான் போய் மூஞ்சி கழுவிட்டு வந்திருவேன். சோப்பு கண்ணுல பட்டிருச்சுன்னு சொல்லிக்குவேன். வாஷ்பேசின் பக்கத்துல துவைச்ச துண்டு ஒண்ணு எப்பவும் மடிச்சு இருக்கும். அந்த விஷயத்துல வீட்டை நல்லா வெச்சிருப்பா.

அதனால அவளுக்குத் தெரிய வாய்ப்பே இல்ல. தெரிஞ்சிருந்தா அன்னிக்கு அறுபது பேர் சிரிச்சப்பவே, "நான் இல்ல, இவருதான்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாளா? யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்க. அவ பாட்டுக்குச் சுண்டல் குடுத்துட்டுப் போனா.

உடுமலை தாண்டியாச்சா? எப்ப தாண்டினான்? பேசிக்கிட்டே கவனிக்கல. அப்போ இன்னும் முக்கால் மணி நேரத்துல பொள்ளாச்சி. இந்த டிரைவர் விரட்டற விரட்டுல அரை மணியில போயிருவான் போல இருக்கே. கோமங்கலம் தாண்டறதுக்குள்ள கல்யாணம் வந்தாகணும். இன்னும் தங்கப் பல்லுக்காரன் பொண்ணைத் தூக்கிட்டுப் போற கட்டம் இருக்கு, கிணத்துக்குள்ள ஒரு சண்டை இருக்கு. இருபது நிமிஷம். இல்ல, டி.வி.யில விளம்பரத்தோட இருபது. இதுல பன்னிரண்டு.

போன் அடிக்குது. மக நம்பர். ஓ.டி.பி.தான் கேப்பா. எடுக்கல. அடிச்சு ஓயட்டும்.

மறுபடி அடிக்கறா. ஒரு நிமிஷம் சார்.

சொல்லும்மா. தேன்மொழி, நான் வந்து...

யாரு?

இந்திராணியா.

ம். இல்ல, வீட்டுல இல்ல. பஸ்ஸுல. பஸ்ஸுல வந்துட்டிருக்கேன். பொள்ளாச்சிக்குத்தான், வேற எங்க. சாப்பிட்டேன். இட்லி. நானேதான். என்ன சத்தமா? ஒண்ணுமில்ல, பஸ்ஸுல ஏதோ படம் போட்டிருக்கான். ஏதோ படம். ம். ஆமா. அதுதான்.

இல்ல. இன்னும் இல்ல. கிணத்துச் சண்டை ஓடுது.

ம்.

ம். சரி.

வெச்சிட்டா.

நாலு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் சார் அவ குரலைக் கேக்கறேன். என்ன கேட்டான்னா... சத்தத்துலயே கண்டுபிடிச்சிட்டா. "எருமை பொரி கொண்டு வந்திருச்சா?"ன்னா. இன்னும் இல்லன்னேன். "அப்போ போனை வைங்க. பார்த்துட்டு வாங்க"ன்னா.

அப்புறம் ஒண்ணு சொன்னா. "இறங்கினதும் பஸ் ஸ்டாண்டு குழாயில மூஞ்சி கழுவாதீங்க. அப்படியே வாங்க."

ஓ.டி.பி. பத்தி ஒண்ணும் கேக்கல.

அந்தப் பீரோ சார். அதை ஹால்ல போட்டு எத்தனை வருஷம் இருக்கும். இந்தப் படம் முதல்முதலா டி.வி.யில வந்த வருஷம். இருபது இருக்கும்.

துண்டு.

எருமை வந்தாச்சு, எருமை வந்தாச்சுன்னு...

கண்டக்டர், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்க. சார், தப்பா எடுத்துக்காதீங்க.

மண்டபம் வந்திருச்சு. நீங்களும் பாருங்க. கேட்டுட்டாங்களா, பொரி போட யாருன்னு? எல்லாரும் திரும்பறாங்க பாருங்க. இப்ப.

இப்ப.

காலைத் தூக்கி வைக்கறதைப் பார்த்தீங்களா. ஜமுக்காளத்துல படாம. பார்த்தீங்களா.

இல்ல, கர்ச்சீப் வேண்டாம். நீங்களே வெச்சுக்கங்க. உங்களுக்கும்தான் வேணும் போல இருக்கே. தூசியா? ஆமா, ஜன்னல் பக்கம் தூசி ஜாஸ்தி. சோப்பு மாதிரி அது ஒண்ணு.

சார், பேனா இருக்கா? குடுங்க. பஸ் ஆடுது, இந்தச் சுற்றறிக்கையை ஓரத்துல கொஞ்சம் பிடிச்சுக்கங்க. "ஒரு பார்வையாளர்." இதை அடிக்கறேன். மேல எழுதறேன். செ... ய... லா... இந்த ரோட்டை எப்பத்தான் போடுவானோ. செயலாளர். கோணல் மாணலா வந்திருக்கு. படிக்க முடியுதா? படிச்சிருவா. "‘ஒரு அம்மையார்’ என்று வந்துள்ளதை ‘செயலாளர்’ என்று திருத்தி வாசிக்கவும். இங்ஙனம், செயலாளர்." சரியாத்தான் இருக்கு.

அடித்தல் திருத்தல் இருந்தா பக்கத்துல சுருக்கொப்பம் போடணும். போட்டுட்டேன். இதை அடுத்த மாசம் கட்டம் கட்டி மறுபடி போட்டாகணும். புரொபசர் என்ன சொல்லுவாரோ. அறுபது பேருக்கும் தபால்ல போகும். போகட்டும்.

நீங்க ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுவீங்களா சார்? விளையாட்டுக்கு இல்ல. நேர்ல பார்த்தவர் நீங்கதானே. இங்க, கீழே. பேரும் ஊரும் போதும்.

நல்ல கையெழுத்து உங்களுக்கு.

பொள்ளாச்சி வந்திருச்சு. படம் முடியறதுக்குள்ள நிறுத்திட்டான், பரவாயில்ல, இதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. நீங்க முன்னால இறங்குங்க, நான் மெதுவா வர்றேன். முழங்கால் பிடிச்சுக்கிச்சு.

குழாயா? தெரியும் சார், அந்தக் கடைக்குப் பக்கத்துல இருக்கு. வேண்டாம். அப்படியே வரச் சொல்லியிருக்கா.